டிக்கியில் இருந்தவன்

அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்தது 1776-ல்; பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்குப் பேடண்ட் பெற்றது 1886-ல். ஆகவே பாஷை ஒன்றாயிருந்தும், புது வண்டியின் உறுப்புகளுக்கு இரு தேசத்தாரும் தனித்தனியே பெயர் வைத்தார்கள். எஞ்சின் மூடி ஆங்கிலேயருக்கு 'பானெட்', பெண்களின் தொப்பி. அமெரிக்கருக்கு 'ஹுட்', முக்காடு. பின்புறச் சாமான் அறைக்கு ஆங்கிலேயர் குதிரைக் கோச்சின் 'பூட்'டை வைத்துக்கொண்டார்கள். அமெரிக்கர், வண்டியின் பின்னால் கட்டிய பெட்டியை நினைத்து 'டிரங்க்' என்றார்கள்.

நாம் சொல்லும் 'டிக்கி'யோ, கோச்சின் பின்னால் வேலைக்காரன் உட்கார்ந்த திறந்த ஆசனம். மோட்டாரிலும் அது மடக்கு ஆசனமாக வந்தது. அமெரிக்கர் அதை 'ரம்பிள் சீட்' என்றார்கள். பிறகு ஆசனம் போயிற்று; நம்மிடம் பெயர் மட்டும் நின்றது. வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருந்த அந்த மனிதனின் இடத்தில் இன்று நம் மூட்டை, நனையாமல், சவாரி செய்கிறது.