கணவர் வருமானமும் குளியலறைக் கதவும்

இங்கிலாந்தில் ஊனமுற்றோர் வீட்டை மாற்றியமைக்கத் தரும் மானியத்தின் வரலாற்றை நான் 1965இலிருந்து படிக்கிறேன். அந்த ஆண்டில்தான் மீகன் டு புவாசோன், பெரிட் மூர் என்ற ஊனமுற்ற இரு இல்லத்தரசிகள் 'ஊனமுற்றோர் வருமானக் குழு'வைத் தொடங்கினார்கள். சம்பளமில்லாமல் வீட்டில் உழைத்தவளுக்கு உடல் முடங்கினால் காப்பீட்டுத் தொகை கிடையாது. அவர்களின் கோபம் அதுதான்.

1970ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டு மாற்றங்களுக்கு உதவுவதை உள்ளாட்சிகளின் கடமையாக்கியது. தனி மானியம் வர 1990 ஆனது. சாய்தளம், அகலக் கதவு, குளியலறை எல்லாம் சரி. 1996 சட்டத்தில் எனக்குப் பிடித்த பிரிவு வேறு: ஊனமுற்றவர் தானே சமைக்கவும், வீட்டிலுள்ள இன்னொருவரைப் பராமரிக்கவும்கூட மானியம் உண்டு. சக்கர நாற்காலியில் இருப்பவளும் அம்மாவாக இருப்பாள் என்பது ஒருவழியாகச் சட்டத்தின் கண்ணில் பட்டது.

ஆனால் தகுதிக் கணக்கில் கணவர் வருமானமும் சேரும். அவர் சம்பாத்தியம் கூடினால் மானியம் குறையும். கையில் ஒரு காசும் இல்லாதவள் குளியலறைக்காக மறுபடி அவரிடம்தான் கேட்க வேண்டும்.