பெட்டகம் உடைத்தவன் காத்த ஆலை

ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சோதித்தறிதல் வேண்டும். ஒற்றர் ஒருவரையொருவர் அறியாவண்ணம் ஆளுதல் வேண்டும். அங்ஙனம் ஆளப்பட்ட மூவர் சொல்லும் ஒத்திருப்பின் அதனை மெய்யெனத் தெளியலாம். திருக்குறளின் 59-ஆம் அதிகாரமாகிய ஒற்றாடலில் வள்ளுவர் வகுக்கும் நெறிகள் இவை. இவற்றை வகுப்பில் விளக்குங்கால், “அந்த மூவரும் பொய் சொன்னால்?” என்று துடுக்கான மாணவன் ஒருவன் கேட்பதுண்டு. கேள்வி தவறன்று. இரண்டாம் உலகப் போரில் அதற்கு விடையாக அமைந்தவன் ஓர் ஆங்கிலத் திருடன்.

போர்க்கால ஒற்றரைப் பற்றிய பேச்சு ஜோகூரில் வாழ்வோர்க்குப் புதிதன்று. போருக்கு முன் புகைப்படக் கடையும் முடிதிருத்தும் கடையும் நடத்திய ஜப்பானியரைப் பற்றித் தோட்டப்புறத்து முதியோர் கதை கதையாகச் சொல்வர். அதனினும் கொடியது லாய் தெக்கின் செயல். மலாயாப் பொதுவுடைமைக் கட்சியின் பொதுச் செயலாளனாக இருந்துகொண்டே முதலில் பிரிட்டிஷாருக்கும் பின்னர் ஜப்பானியருக்கும் உளவு சொன்னவன் அவன். 1942 செப்டம்பர் 1-ஆம் நாள் பத்துமலைக்கு அருகே கூடியிருந்த தோழர்களை ஜப்பானியர் சூழ்ந்து சுட்டது அவன் காட்டிக்கொடுத்ததனால்தான். எல்லாரும் நம்பிய தலைவன் அவ்வாறு கெடுத்தான். அதே ஆண்டின் இறுதியில் இங்கிலாந்திலோ, எவரும் நம்பத்தகாத ஒருவன் வந்து தன் நாட்டாருக்கு உதவினான்.

எட்வர்ட் சாப்மன் என்பது அவன் பெயர். 1914-இல் பிறந்தவன். படையிற் சேர்ந்து, ஓடிப்போய், சிறைப்பட்டு, அவப்பெயருடன் விலக்கப்பட்டவன். பின்னர் ஜெலிக்னைட் வெடிமருந்து வைத்து இரும்புப் பெட்டகங்களை உடைக்கும் கூட்டத்திற் சேர்ந்து, அத்தொழிலில் பெயரும் பெற்றான். போலீசாருக்குத் தப்பி ஜெர்சித் தீவுக்கு ஓடிய இடத்தில் 1939-இல் பிடிபட்டுச் சிறை புகுந்தான். 1940-இல் ஜெர்மானியர் அத்தீவைக் கைப்பற்றினர். விடுதலையான சாப்மன், தீவைவிட்டு வெளியேற வேறு வழி காணாது, ஜெர்மானியருக்கு ஒற்றனாக இருக்க முன்வந்தான். வெடி வைக்கத் தெரிந்தவன். தன் நாட்டுப் போலீசாரையே பகைத்தவன். இவனைவிடத் தக்க ஆள் வேறு யார் என்று அவர்கள் எண்ணியதில் வியப்பில்லை. பிரான்சில் நான்ட் நகரருகே பயிற்சி அளித்தனர். அங்கே அவனுக்குத் தலைவராக இருந்தவர் வான் குரோனிங் என்னும் அதிகாரி.

1942 டிசம்பர் 16-ஆம் நாள் இரவு, கேம்பிரிட்ஜ்சயரில் வான்குடை மூலம் இறங்கிய சாப்மன், தானே சென்று போலீசாரிடம் சரணடைந்தான். சங்கேத வானொலிச் செய்திகளைப் படித்துவந்த பிரிட்டிஷார் அவன் வரவை முன்னரே அறிந்திருந்தனர். எம்.ஐ.5 என்னும் எதிர் ஒற்று அமைப்பு அவனைக் கடுமையாக விசாரித்தது. பின்பு ‘ஜிக்ஜாக்’ என்று மறைபெயரிட்டுத் தன் பணியில் அமர்த்தியது.

ஹாட்பீல்டில் உள்ள டி ஹாவிலண்ட் ஆலையைத் தகர்ப்பதே ஜெர்மானியர் அவனிடம் ஒப்படைத்த வேலை. பெரிதும் மரத்தாலேயே செய்யப்பட்டு விரைந்து பறக்கும் ‘மாஸ்கிட்டோ’ போர் விமானங்கள் அங்கே உருவாகிவந்தன. 1943 சனவரி 29-ஆம் நாள் இரவு அந்த ஆலை ‘தகர்க்கப்பட்டது’. வண்ணம் தீட்டிய கித்தான்களும் சிதறிய பொருள்களும், வானிலிருந்து நோக்குவோர்க்கு மின்நிலையம் அழிந்ததுபோல் தோன்றும்படி பரப்பப்பட்டன. டெய்லி எக்ஸ்பிரஸ் நாளிதழில் ஆலை ஒன்றில் வெடி விபத்து என்று சிறு செய்தி வந்தது. சாப்மனும் வேலை முடிந்ததென்று வானொலியில் தெரிவித்தான்.

வள்ளுவர் சொன்ன மூவர் இங்கே உளர்: ஒற்றனின் செய்தி, நாளிதழின் செய்தி, வானிலிருந்து காணும் காட்சி. மூன்றும் ஒத்தன; மூன்றும் பொய். குறளின் நெறியிற் பிழையில்லை. மூவரும் தனித்தனியே நிற்றல் வேண்டும் என்பதே அந்நெறியின் உயிர்நிலை. இங்கோ மூவரையும் ஆட்டிவைத்தது ஒரே கை. சாப்மன் ஒருவனோடு இது நிற்கவில்லை. பிரிட்டனில் இருந்த ஜெர்மானிய ஒற்றர் ஏறத்தாழ அனைவருமே அக்கைக்குள் இருந்தனர் என்பது 1972-இல் மாஸ்டர்மன் எழுதிய நூலால் உலகறிந்தது.

1943 மார்ச்சில் அவன் கப்பற் பணியாளனாக லிஸ்பன் சென்று மீண்டும் ஜெர்மானியரை அடைந்தான். அக்கப்பலைத் தகர்க்கவென அவர்கள் கொடுத்த நிலக்கரி வடிவக் குண்டுகளைக் கப்பல் தலைவரிடமே கொடுத்துவிட்டான்! ஜெர்மானியர் அவனுக்கு இரும்புச் சிலுவை விருதும் அளித்தனர். ஒற்றனுக்குப் பிறர் அறியச் சிறப்புச் செய்யற்க என்னும் எச்சரிக்கையும் ஒற்றாடலில்தான் இருக்கிறது.

1944 சூன் இறுதியில் மறுபடியும் இங்கிலாந்தில் இறக்கப்பட்டான். இம்முறை வேலை, வி-1 பறக்கும் குண்டுகள் விளைத்த சேதத்தை அறிவித்தல். அக்குண்டுகள் பெரும்பாலும் குறிக்கு முன்னரே, லண்டனின் தென்பகுதியில் வீழ்ந்தன. குறியைத் தாண்டி வீழ்வதாக அவனும் பிற இரட்டை ஒற்றரும் அறிவித்தனர். ஜெர்மானியர் குறியைத் திருத்திவிட்டால் மக்கள் நெருங்கிய நகர நடுவே பேரழிவு நேரும். திருத்தாவிடின் தென்லண்டன் எளியோர் மாள்வர். யார் தலையில் குண்டு விழவேண்டும் என்று முடிவு செய்ய நமக்கு என்ன உரிமை என்று உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன் எதிர்த்தார். இத்திட்டத்தில் முன்னின்ற அறிவியலறிஞர் ஆர். வி. ஜோன்ஸின் பெற்றோரே அத்தென்பகுதியில் வாழ்ந்தனர். ஆலையைக் காத்த பொய்யை எவரும் பாராட்டுவர். இந்தப் பொய்யை அவ்வளவு எளிதில் பாராட்ட இயலவில்லை.

சாப்மன் திருந்தியவனா? திருந்தினான் என்று சொல்வது கதைக்கு அழகு. வரலாறு அதற்கு முழுதும் இடந்தரவில்லை. பழைய கூட்டாளிகளோடு திரும்பவும் பழகலானான். 1944 நவம்பரில் எம்.ஐ.5 அவனை விலக்கியது. பழைய குற்றங்கள் மன்னிக்கப்பட்டன. தன் கதையைப் பிரெஞ்சு இதழில் வெளியிட முயன்றதற்காக 1946-இல் 50 பவுன் தண்டம் செலுத்தினான். அவனைப் பற்றிய அரசு ஆவணங்கள் 2001-இல் வெளியாகும்போது அவன் உயிருடன் இல்லை. 1997 டிசம்பரில் மறைந்துவிட்டான். வான் குரோனிங்குடன் அவன் கொண்ட நட்பு மட்டும் போருக்குப் பின்னும் அறவில்லை. சாப்மன் மகளின் திருமணத்துக்கு வந்திருந்த விருந்தினருள் அந்த ஜெர்மானியரும் ஒருவர்.