ஆப்போ தீவின் கடற்காப்பகம்: சமூக அதிகாரமும் சுற்றுலா வருவாயும் (1974–2013)

முன்னுரை

பிலிப்பைன்ஸ் நாட்டின் நேக்ரோஸ் ஓரியண்டல் மாகாணத்தில், தாவின் நகராட்சிக்கு உட்பட்டது ஆப்போ தீவு. எழுபது எக்டருக்குச் சற்று மிகுந்த பரப்புடைய இந்த எரிமலைத் தீவில் ஆயிரத்திற்கும் குறைவான மக்களே வாழ்கின்றனர். மீன்பிடித்தலே அவர்களது மரபுத்தொழில். சமூகம் சார்ந்த கடல்வளப் பாதுகாப்பின் வரலாற்றில் இத்தீவுக்குத் தனியிடம் உண்டு. காப்பகத்தின் எல்லையைக் காட்டிலும் அவ்வெல்லையை வகுத்தவர் யார் என்பதே அதன் நிலைபேற்றைத் தீர்மானித்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

சுமிலோன் தந்த படிப்பினை

ஆப்போவின் வரலாறு அண்டைத் தீவான சுமிலோனில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிலிப்பைன்ஸ் கடல்களில் வெடிவைத்து மீன்பிடிக்கும் வழக்கம் பரவியது. சயனைடு நஞ்சும், பாறைகளை மோதி மீன்களை வலைக்குள் விரட்டும் 'முரோ-அமி' முறையும் பவளப்பாறைகளை மேலும் சிதைத்தன. இந்நிலையில், சில்லிமன் பல்கலைக்கழக உயிரியலாளர் ஆங்கெல் அல்கலாவின் முயற்சியால் 1974இல் சுமிலோன் பவளப்பாறையின் ஏறத்தாழ கால் பகுதியில் மீன்பிடித்தல் தடைசெய்யப்பட்டது. ஆயினும் அத்தீவில் மீனவர் குடியிருப்பு இல்லை; அங்கு மீன்பிடித்தவர்கள் செபு தீவின் கரையிலிருந்து வந்தவர்கள். 1984இல் உள்ளூர் அரசியல் சூழல் மாறியதும் பாதுகாப்பு முறிந்தது. தடைசெய்யப்பட்ட பகுதியும் மீன்பிடிப்புக்குத் திறந்துவிடப்பட்டது. மொத்தப் பரப்பு கூடியபோதும் ஆண்டு மீன்பிடிப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அல்கலாவும் ஆஸ்திரேலிய ஆய்வாளர் கேரி ரஸ்ஸும் 1990இல் இவ்வீழ்ச்சியைப் பதிவு செய்தனர். காப்பகம் அண்டைக் கடலின் விளைச்சலைத் தாங்கி நின்றது என்பதற்கு அதன் அழிவே சான்றாயிற்று.

ஆப்போவில் உருவான உடன்பாடு

ஆப்போவில் பல்கலைக்கழகக் குழுவினர் வேறு வழியை மேற்கொண்டனர். முதலில் மீனவர் குடும்பங்களுடன் நீண்ட உரையாடல் நடந்தது. பிடிப்பிடத்தின் ஒரு பகுதியை இழக்க மீனவர்கள் தயங்கினர். 1982இல் தீவின் தென்கிழக்குக் கரையில் ஏறத்தாழ 11 எக்டர் கடற்பகுதியை மட்டும் விட்டுக்கொடுக்க உடன்பாடு ஏற்பட்டது. 1985இல் நகராட்சி ஆணை அதற்குச் சட்டவலு அளித்தது. தீவைச் சுற்றிய கடலில் அழிவுதரும் முறைகள் தடைசெய்யப்பட்டன. மரபுமுறை மீன்பிடிப்புக்குத் தடையில்லை. காவற்பணியைத் தீவினரே ஏற்றனர்.

பலன் மெதுவாகவே தெரிந்தது. 1983க்கும் 2001க்கும் இடையே காப்பகத்துக்குள் பாரை மீன்களும் சர்ஜன் மீன்களும் எடையளவில் மூன்று மடங்காயின. காப்பகத்திற்கு வெளியே, எல்லையை ஒட்டிய நீரிலும் அவை பெருகின. தீவினரின் மீன்பிடிப்பில் பெரும்பங்கு இவ்விரு குடும்ப மீன்களே. ஆகவே விட்டுக்கொடுத்த கடல் வலைக்கே திரும்பி வந்தது எனலாம்.

சுற்றுலாவும் அதிகார இடமாற்றமும்

செழித்த பவளப்பாறை நீர்மூழ்குவோரை ஈர்த்தது. விடுதி, படகு, வழிகாட்டல் எனப் புதிய வருவாய் வழிகள் திறந்தன. இதே காலத்தில் இருவேறு சட்டங்கள் இயற்றப்பட்டன. 1991ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் கரையிலிருந்து 15 கிலோமீட்டர் வரையிலான கடலை நகராட்சிகளின் பொறுப்பில் விட்டது. 1992ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் சட்டமோ சிறப்புவாய்ந்த இடங்களை நடுவண் அரசின் வரம்புக்குள் கொணர்ந்தது. 1994இல் ஆப்போ இரண்டாம் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. தீவினர் தாமே நடத்திய நிர்வாகம் பல தரப்பினர் அமர்ந்த மேலாண்மை வாரியத்திடம் சென்றது. அதில் தீவினரின் குரல் பலவற்றுள் ஒன்றாயிற்று.

1999 முதல் பயணிகளிடம் நுழைவு, நீர்மூழ்கல் கட்டணங்கள் பெறப்பட்டன. ஆனால் இத்தொகை அரசுக் கருவூலத்திற்குச் சென்று, அங்கிருந்து தீவுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. காவற்படகின் எரிபொருளும் காவலர் ஊதியமும் அன்றாடச் செலவுகள். கருவூல நடைமுறையோ காலம் கொள்வது. 2013ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் வருவாயில் 75 விழுக்காட்டை அந்தந்தப் பகுதியின் வாரியமே வைத்துக்கொள்ள வழிசெய்தது.

அதற்குள் இயற்கையும் குறுக்கிட்டது. 2011, 2012 ஆம் ஆண்டுகளின் டிசம்பர் மாதங்களில் அடுத்தடுத்து வீசிய சூறாவளிகள் காப்பகத்தின் பவளப்பாறைகளைப் பெரிதும் அழித்தன. அப்பகுதி நீர்மூழ்குவோருக்கு மூடப்பட்டது. பயணிகளின் நாட்டம் கரையோரக் கடலாமைகளின் பக்கம் திரும்பியது. ஒரே பாறையின் அழகை நம்பிய சுற்றுலா எவ்வளவு மெல்லிய அடித்தளத்தில் நிற்கிறது என்பது அப்போது வெளிப்பட்டது.

முடிவுரை

சுமிலோனில் அறிவியல் இருந்தது. அதைக் காக்கக் குடிகள் இல்லை. ஆப்போவில் குடிகள் முன்வந்ததால் அறிவியல் வேரூன்றியது. எனினும், வெற்றியே அத்தீவை நாட்டின் சொத்தாக்கி, முடிவெடுக்கும் உரிமையைத் தீவினரிடமிருந்து விலக்கியது. சூறாவளியைத் தடுக்க எந்த ஆணையாலும் இயலாது. சிதைந்த பாறை மீளும்வரை காத்திருக்கும் பொறுமையை, அக்கடலைத் தம்முடையதாகக் கருதுவோரிடமே எதிர்பார்க்க இயலும். ஆதலின் சிறுதீவுகளின் சுற்றுலாவை மதிப்பிடுகையில், வந்த பயணிகளின் எண்ணிக்கைக்கு முன்பாக, கட்டணத்தை வகுப்பவர் யார், அதைச் செலவிடுபவர் யார் என்பதே கேட்கப்பட வேண்டிய வினாவாகும்.