கடனும் மீனும்: குமரிக் கடற்கரைச் சங்கங்களின் வரலாறு

நீரில் நீந்தும் மீனைப் பிடிப்பதற்கு முன்பே விற்பது செல்லாது என்பது ஃபிக்ஹுச் சட்டம். விற்கப்படும் பொருள் கைக்கு வருமா, எவ்வளவு வரும் என்று தெரியாத இந்நிலையை 'கரர்' என்பர். கடனையும் விற்பனையையும் ஒன்றோடொன்று பிணைப்பதற்கும் நபிமொழியில் தடையுண்டு. இமாம் திர்மிதீ அதனைப் பதிவு செய்துள்ளார். இவ்விரண்டுக்கும் உதாரணம் தேடி நம் மாணவர்கள் பஸ்ராவுக்குப் போக வேண்டியதில்லை. நாகர்கோவிலிலிருந்து முட்டம் செல்லும் பேருந்தில் ஏறினால் போதும்.

கட்டுமரமும் வலையும் வாங்கப் பணமில்லாத மீனவர் வியாபாரியிடம் முன்பணம் பெறுவார். அதற்கு வட்டி என்ற பெயர் பெரும்பாலும் இராது. பிடித்து வரும் மீனை அந்த வியாபாரிக்கே, அல்லது அவர் அமர்த்திய ஆள் ஏலம் கூற, விற்றாக வேண்டும். ஒவ்வொரு விற்பனையிலும் அவருக்கொரு கழிவு போகும். முதல் அப்படியே நிற்கும். கடன் தீர்வதை அவர் விரும்பவும் மாட்டார். தீர்ந்தால் மீன் கைவிட்டுப் போய்விடுமே! வட்டி என்ற சொல்லை மட்டும் தேடுகிறவர்களின் கண்ணுக்கு இச்சுரண்டல் தென்படாது. கடனையும் விற்பனையையும் சட்ட அறிஞர்கள் ஏன் பிரித்து வைத்தார்கள் என்பது இங்கேதான் விளங்குகிறது.

இக்கட்டை அவிழ்த்தவை மீனவர் சங்கங்கள். 1970 வாக்கில் திருவனந்தபுரத்துக்கு வடக்கே மரியநாட்டு மீனவர்கள் முதல் விற்பனையைத் தம் கையில் எடுத்தனர். அதே பத்தாண்டில் கோட்டாறு மறைமாவட்டச் சமூகப் பணியாளர்களின் துணையோடு குமரி ஊர்களிலும் சங்கங்கள் தோன்றின. ஊர்ச் சங்கம், மாவட்டக் கூட்டமைப்பு, அவற்றுக்கு மேல் 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் சம்மேளனம் என மூன்று படிகள் அமைந்தன. கரையில் சங்கமே ஏலம் விட்டது. விற்ற தொகையில் ஒரு பகுதி கடனுக்கும், ஒரு பகுதி சேமிப்புக்கும் பிடிக்கப்பட்டது.

தவணை மாதக் கணக்கில் இல்லாமல் மீன்பாட்டின் விழுக்காடாக இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். மீன் கிடைக்காத நாளில் தவணையும் இல்லை. சிரமத்திலுள்ள கடனாளிக்கு அவகாசம் அளிக்கும்படி அல்பகரா அத்தியாயம் கூறுவது நினைவுக்கு வருகிறது. எனினும் சங்கம் வட்டியில்லா நிறுவனம் அன்று. வங்கிக் கடனை மீனவரிடம் சேர்ப்பித்ததும் அதுவே. அதை மறைத்து எழுதுவது வரலாறாகாது. படகுக்குள் நடப்பதோ வேறு: பாட்டைப் படகு, வலை, உழைப்பு எனப் பங்கிடுவது இக்கரையின் பழைய வழக்கம். வலை வெறுமையாக வந்தால் உடைமையாளருக்கும் ஒன்றுமில்லை. இது நம் நூல்கள் கூறும் முளாரபாவுக்கு மிக நெருங்கியது.

கரையை மீட்ட சங்கத்தால் கடலை மீட்க முடியவில்லை. 1953இல் கேரளத்தில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டத்தைத் தொடர்ந்து விசைப்படகுகள் பெருகின. இறால் ஏற்றுமதியின் லாபம் இழுவை மடியைக் கரையருகே இழுத்து வந்தது. குஞ்சும் முட்டையும் அதில் வாரப்பட்டன. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983இல் வந்து, கரையிலிருந்து 3 கடல் மைல் வரை விசைப்படகுகளை விலக்கிற்று. ஆயினும் கடலில் வேலியில்லை. 2001இல் 45 நாட்களாக வந்த மீன்பிடித் தடை 2017இல் 61 நாட்களாயிற்று.

இதற்கிடையே முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகள் கட்டப்பட்டு, வெளிப்பொருத்து மோட்டார்களும் பரவின. மோட்டாரைப் பழுதுபார்க்கச் சம்மேளனமே பணிமனைகள் வைத்தது. ஆனால் மண்ணெண்ணெய்ச் செலவு ஒவ்வொரு நாளும் கைப்பணம் கேட்டது. அந்தப் பணத்துக்காகப் பழைய வியாபாரியின் வாசலுக்கே திரும்பியவர்களும் உண்டு.