கடிதம் யார் பேருக்கு?

2020 பிப்ரவரி 5-ஆம் தேதி மலேசியாவின் சிலாங்கூர் மாநில வன இலாகா நாளிதழ்களில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கோலலங்காட் வடக்கு வனக்காப்பில் சுமார் 931 ஹெக்டேரை வனக்காப்புப் பட்டியலிலிருந்து நீக்க உத்தேசித்திருக்கிறோம், ஆட்சேபம் உள்ளவர்கள் 30 நாளுக்குள் எழுதித் தெரிவிக்கலாம் என்றது அது. அந்தக் காட்டில் அப்போது மிஞ்சியிருந்ததே ஏறத்தாழ 958 ஹெக்டேர்தான். 1927-இல் வனக்காப்பாக அறிவிக்கப்பட்டபோது 7,000 ஹெக்டேருக்கு மேல் இருந்தது.

தெலுக் பங்லிமா காராங் ஊரிலிருந்து கிழக்கே, செம்பனையையும் தொழிற்பேட்டைகளையும் தாண்டிப் போனால், அதே கோலலங்காட் மாவட்டத்துக்குள் இருக்கிறது இந்தச் சதுப்புக் காடு. அதன் ஓரத்தில் புசுட் பாரு, பூலாவ் கெம்பாஸ் போன்ற கிராமங்களில் தெமுவான் பூர்வகுடியினர் வாழ்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அந்த நாளிதழ் கிடைத்திருக்கும்? ஆனாலும் செய்தி பரவியது. சுற்றுச்சூழல் அமைப்புகள் எடுத்துச் சொல்ல, பல்லாயிரக்கணக்கில் ஆட்சேபங்கள் குவிந்தன. அப்படியும் 2021 மே மாதம் 537 ஹெக்டேர் அளவுக்குக் காப்பு நீக்கப்பட்டுவிட்டது. ஆட்சேபம் எழுதியவர்களுக்கு அது தெரியவந்தது ஆகஸ்ட் மாத இறுதியில், மாநிலச் சட்டமன்றத்தில் பேச்சு எழுந்தபோதுதான். கூச்சல் கிளம்பியதும், செப்டம்பர் 8-ஆம் தேதி மாநில முதல்வரான மந்திரி பெசார் அமிருடின் ஷாரி அந்த முடிவை ரத்து செய்வதாக அறிவித்தார்.

காடு தப்பியது என்று இந்தக் கதையை முடித்துவிடுவது வழக்கம். ஆனால் கவனிக்க வேண்டியது அந்தப் பிப்ரவரி அறிவிப்பு. நிலத்தின் பயன்பாட்டை மாற்றுகிறவர் யாருக்குச் சொல்லிவிட்டு மாற்ற வேண்டும் என்பதில் கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்குக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் பெரும்பகுதி, கடிதம் யார் வீட்டுக்குப் போகவில்லை என்பதைப் பற்றியது.

முதலில் பதிவேடு வந்தது. 1889 முதல் 1892 வரை சிலாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த வில்லியம் மேக்ஸ்வெல் ஆஸ்திரேலியாவின் டோரன்ஸ் முறையை விரும்பியவர். 1891-இல் வந்த சிலாங்கூர் நிலச் சட்டம் அந்த வழியில் நடந்தது. நிலத்தில் யார் வாழ்கிறார், யார் உழுகிறார் என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உடைமையாளர். அடுத்த இருபது ஆண்டுகளில் ரப்பர் பெருகியது. தெலுக் பங்லிமா காராங்குக்கு எதிரே, ஆற்றுக்கு அக்கரையில் உள்ள தீவுக்கு கேரி என்ற வெள்ளைக்காரத் தோட்டக்காரரின் பெயர் ஒட்டிக்கொண்டது அந்தக் காலத்தில்தான். தோட்டங்களில் பால்மரம் வெட்டத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் லயன் எனப்படும் வரிசை வீடுகளில் குடியேறினார்கள். மூன்று தலைமுறை அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் செய்து, அங்கேயே கோயில் கட்டினாலும் 'கிராண்ட்' என்ற நிலப்பட்டா கம்பெனியின் பெயரில்தான் இருந்தது. பின்னால் வந்த ஒவ்வொரு அறிவிப்பும் அந்த கிராண்ட்டில் உள்ள முகவரிக்கே போயிற்று.

நகரத் திட்டம் என்பது 1921-இல் சார்ல்ஸ் ரீட் வந்ததோடு தொடங்குகிறது. நியூசிலாந்தில் பிறந்து, தெற்கு ஆஸ்திரேலியாவில் அரசு நகரத் திட்ட அதிகாரியாக இருந்தவர். கூட்டரசு மலாய் மாநிலங்களுக்கு அதே பதவியில் அழைக்கப்பட்டார். ரீட் எழுதிய 1923-ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு ஆண்டுதான் நீடித்தது. 1927-இல் அதைத் தூக்கிவிட்டு, சுகாதார வாரியச் சட்டத்துக்குள் ஒரு பகுதியாகச் சேர்த்துவிட்டார்கள். சொத்துக்காரருக்குத் தன் நிலத்தில் இன்னது கட்டலாம், இன்னது கூடாது என்று யாரும் சொல்வது பிடிக்கவில்லை. பக்கத்து நிலத்துக்காரரைக் கேட்பது அன்றைக்கு ஒரு பெரிய விவாதமாகவே எழவில்லை.

இன்று நடைமுறையில் உள்ள சட்டத்துக்குப் பின்னணியில் ஒரு தமிழர் இருக்கிறார். 1965-இல் உள்ளூராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அதே ஆண்டு, ஊராட்சி மன்றங்கள் எப்படி நடக்கின்றன என்று விசாரிக்க செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. (அவர் மனைவி ஜானகி, இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் இருந்தவர், அந்தப் பெயர் பலருக்கு நினைவிருக்கும், கணவரின் அறிக்கை சிலருக்கே.) 1968-இன் இறுதியில் தந்த அறிக்கையில், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் திரும்ப வர வேண்டும் என்றது ஆணையம். அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-இல் ஊராட்சிச் சட்டமும் நகர, கிராமத் திட்டமிடல் சட்டமும் அடுத்தடுத்த எண்களோடு, 171, 172 என்று பிறந்தன. நியமிக்கப்பட்ட மன்றமே வரைபடத்தில் நிலத்தின் நிறத்தை முடிவு செய்யும். வாக்குச்சீட்டு போன இடத்தில் ஆட்சேபப் படிவம் வந்தது.

அந்தப் படிவம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மாவட்ட அளவிலான உள்ளூர்த் திட்டத்தின் வரைவு தயாரானதும் மன்றம் அதை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். கோலலங்காட்டில் அந்த இடம் பந்திங்கில் உள்ள மன்ற அலுவலகம். 2020-இல் மாவட்ட மன்றமாக இருந்து நகராண்மைக் கழகமாக உயர்ந்தது அந்த மன்றம். ஆட்சேபம் எழுதக் குறைந்தது நான்கு வாரம். பிறகு மூவர் அடங்கிய குழு, கேட்க வேண்டும் என்று கோரியவர்களைக் கூப்பிட்டு விசாரிக்கும். மாநிலத் திட்டக் குழு ஒப்புதல் தந்து கெசட்டில் வந்துவிட்டால், வரைபடத்தில் ஊதா பூசிய இடம் தொழிற்சாலைக்கு என்று உறுதியாகிவிடும்.

இதற்கு அடுத்து வருவதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட கட்டடத் திட்டத்துக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் வரும்போது, பக்கத்து நிலங்களின் உரிமையாளர்களுக்கு எழுத்தில் அறிவித்து 21 நாளில் ஆட்சேபம் கேட்க வேண்டும் என்கிறது திட்டமிடல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு. ஆனால் அந்தக் கட்டாயம் உள்ளூர்த் திட்டம் இல்லாத இடங்களுக்குத்தான். திட்டம் கெசட் ஆகிவிட்டால், நான்கு வாரம் படத்தை வைத்தபோதே எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது என்பது கூட்டரசுச் சட்டத்தின் கணக்கு. மேல்முறையீடும் இதே கதவின் வழியாகத்தான். 23-ஆவது பிரிவின்படி மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகக்கூடியவர்கள் இரண்டே வகை: விண்ணப்பம் செய்து ஏமாந்தவர், 21-ஆவது பிரிவின் கீழ் ஆட்சேபம் கொடுத்தும் பலன் இல்லாதவர். கால அவகாசம் ஒரு மாதம். கடிதம் வராதவர் ஆட்சேபிக்க முடியாது, ஆட்சேபிக்காதவர் மேல்முறையீடு செய்ய முடியாது. உள்ளூர்த் திட்டத்தையே எதிர்க்க வேண்டுமானால் உயர்நீதிமன்றத்தில் நீதி மறுஆய்வு கேட்க வேண்டும். அதற்கு மூன்று மாதம்.

இங்கிலாந்துச் சட்டத்தைப் பார்த்து எழுதிய சட்டம் இது. ஆனால் இங்கிலாந்தில் பக்கத்து வீட்டுக்காரர் மேல்முறையீடே செய்ய முடியாது. விண்ணப்பதாரர் மேல்முறையீடு செய்யும்போது, முன்பு கருத்து எழுதியவர்களுக்கெல்லாம் மன்றம் தகவல் அனுப்பும்; அவ்வளவுதான். மலேசியா ஒரு படி கூடக் கொடுத்தது, ஆனால் கிராண்ட் உள்ளவர்களுக்கு மட்டும்.

1960-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் இதை ஒளிக்காமலே சொன்னது. இழப்பீட்டில் பங்கு கோருவோர் எல்லாரும் 'அக்கறை உள்ளவர்' என்று விளக்கம் கொடுத்துவிட்டு, உரிமையாளர் விரும்பும்வரை மட்டும் குடியிருப்பவர் அதில் சேரமாட்டார் என்று வாலில் ஒட்டவைத்தது. லயன் வீட்டுக்காரர் அந்த வாலில் மாட்டிக்கொண்டார். தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டமாகும்போது அவருக்கு வந்த ஒரே கடிதம் பணிநீக்கக் கடிதம். 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு அதில் எட்டு வார அவகாசம்.

பூர்வகுடியினருக்கு அதுவும் இல்லை. டிங்கில் அருகே புக்கிட் தம்போயில் 1995-இல் நடந்தது அதற்குச் சாட்சி. புதிய விமான நிலையத்துக்குப் போகும் நீலாய் - பந்திங் நெடுஞ்சாலைக்காகத் தெமுவான் மக்களின் 38 ஏக்கர் தேவைப்பட்டது. அரசு நிலத்தில் இருப்பவர்கள்தானே என்று 14 நாளில் காலி செய்யச் சொல்லி அறிவிப்பு வந்தது. நாள் கழிந்ததும் வீடும் பயிரும் அழிக்கப்பட்டன. சாகோங் தாசியும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். 2002-இல் ஷா ஆலம் உயர்நீதிமன்ற நீதிபதி முகமட் நூர் அஹ்மட், அந்த நிலத்தில் அவர்களுக்கு மரபுவழி உரிமை உண்டு, நில எடுப்புச் சட்டப்படியே இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தார். 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி கோபால் ஸ்ரீராம் அதை உறுதி செய்தார். அடுத்த மேல்முறையீடு நிலுவையில் கிடந்து, 2010 மே மாதம் 65 லட்சம் ரிங்கிட்டில் சமரசமாக முடிந்தது. 14 நாள் அறிவிப்புக்குப் பதில் கிடைக்க 15 ஆண்டு.

கோலாலம்பூரில் சட்டமே வேறு. 1982-இல் கூட்டரசுப் பிரதேசத்துக்கென்று தனித் திட்டமிடல் சட்டம் வந்தது. அதற்கு முந்திய 1970-ஆம் ஆண்டு விதிகளும் தொடர்ந்தன. அவற்றின் ஐந்தாவது விதியை வைத்துத்தான் 1992-இல் டத்தின் அசிசா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒட்டியுள்ள நிலத்தின் உரிமையாளருக்கு ஆட்சேபிக்கவும் நேரில் சொல்லவும் உரிமை உண்டு என்று மாநகர் மன்றத்துக்குச் சொன்னது. அது பங்களா உள்ளவர்களுக்கு வந்த வெற்றி.

கால் நூற்றாண்டு கழித்து அதே நகரின் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் கதை சிக்கலானது. ரிம்பா கியாரா பூங்காவின் 25 ஏக்கரில் 12 ஏக்கரை எடுத்து, 42 முதல் 54 மாடி வரை எட்டுக் கட்டடங்களும், 29 மாடியில் 350 மலிவுவிலை வீடுகளும் கட்டத் திட்டம். 2017 ஜூலையில் அனுமதி கொடுத்தாயிற்று. சுற்றுவட்ட அடுக்குமாடிக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். உயர்நீதிமன்றத்தில் தோற்று, மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 2021-இல் வென்று, 2023 ஏப்ரல் 18-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றத்திலும் வென்றார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். ஆட்சேபம் தெரிவித்தவர்களுக்கு ஏன் மறுத்தோம் என்ற காரணத்தை மாநகர்த் தலைவரான டத்தோ பண்டார் சொல்லியாக வேண்டும் என்பது அதன் முக்கியமான பகுதி. கேட்டுவிட்டோம் என்று பதிவேட்டில் குறிப்பெழுதி மூடிவைத்தால் போதாது.

அந்த 29 மாடி யாருக்கு? 1982-இல் அரசாங்கம் எடுத்துக்கொண்ட புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்தின் தொழிலாளர் குடும்பங்களுக்கு. பெரும்பாலும் தமிழர். தற்காலிகம் என்று சொல்லி ரூமா பாஞ்சாங்கில், அதாவது நீள்வீடுகளில், குடிவைக்கப்பட்டவர்கள், ஏறத்தாழ நூறு குடும்பங்கள். தங்களுக்கு வாக்களித்த வீடு அந்தத் திட்டத்தில்தான் இருக்கிறது என்பதால் அவர்கள் நீதிமன்றத்தில் எதிர்ப் பக்கம் நின்றார்கள். பூங்காவைக் காப்பாற்றிய தீர்ப்பைக் கொண்டாடும் கட்டுரைகள் இந்த இடத்தில் வேகமாகக் கடந்துவிடுகின்றன. வழக்குப் போட்டவர்கள் கையில் கிராண்ட் இருந்தது. நீள்வீட்டாரிடம் நாற்பதாண்டு வாக்குறுதி இருந்தது.

தெலுக் பங்லிமா காராங் பக்கம் 2018-இல் எந்த அறிவிப்பும் இல்லாமலே நிலம் மாறியது. சீனா பிளாஸ்டிக் கழிவை வாங்குவதை நிறுத்தியதும், அது இங்கே வந்து இறங்கியது. பக்கத்து ஊரான ஜென்ஜாரோமைச் சுற்றி உரிமம் இல்லாத ஆலைகள் முளைத்து இரவில் எரித்தன. மக்களுக்கு மூக்கு வழியாகத்தான் தகவல் வந்தது. உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து புகார் எழுதி எழுதி, முப்பதுக்கு மேற்பட்ட ஆலைகள் மூடப்பட்டன.

வனத்துக்கு வந்த சட்டம் மட்டும் மெல்ல நகர்ந்தது. சிலாங்கூர் 2011-இல் தன் வனச் சட்டத்தைத் திருத்தி, காப்பை நீக்குமுன் பொது விசாரணை வேண்டும் என்றது. 2014-இல் அதற்கு விதிகள் வந்தன. 2020-இன் நாளிதழ் அறிவிப்பு வந்ததே அந்த விதிகளால்தான். 2022-இல் நாடாளுமன்றமும் தேசிய வனச் சட்டத்தில் அதைச் சேர்த்தது; நிலமும் காடும் மாநில அதிகாரம் என்பதால் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே ஏற்க வேண்டும். தோட்டங்களுக்கு இருப்பது 1972-இல் தேசிய நிலச் சட்டத்தில் நுழைந்த 214ஏ பிரிவு. 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்டத்தை விற்கவோ துண்டுபோடவோ தோட்ட நில வாரியத்தின் அனுமதி கேட்க வேண்டும். விற்பனைக்கான அந்த விண்ணப்பத்தில் கையெழுத்து இரண்டு: நிலத்தை விற்பவருடையது, வாங்குபவருடையது.