மாநாட்டுப் பந்தலிலிருந்து செயலி வரை: தமிழ்நாட்டில் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தின் வரலாறு

ஒரு பள்ளியின் குறைகளைப் பட்டியலிட்டு, அவற்றைத் தீர்க்க ஆகும் செலவைக் குறித்து, பின்னர் எவ்வளவு நடந்தது என்று கணக்குச் சொல்வதைத்தான் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் என்கிறோம். இதைப் பற்றி எழுதுவோர் பலர் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்திலிருந்தே தொடங்குகிறார்கள். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை அது அரை நூற்றாண்டு பிந்திய தொடக்கம். அந்த அரை நூற்றாண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும்: கணக்கை யார் முன் ஒப்பிக்க வேண்டியிருந்ததோ, அவருக்கு ஏற்றபடியே ஒவ்வொரு காலத்திலும் திட்டம் எழுதப்பட்டிருக்கிறது.

காலனிய அரசுக்குப் பள்ளி என்பது ஆய்வுக்குரிய பொருளாகவே இருந்தது. 1854ஆம் ஆண்டின் வுட் அறிக்கைக்குப் பிறகு வந்த மானிய முறையில், ஆய்வாளர் வந்து பார்த்து எழுதியதே பள்ளியைப் பற்றிய அறிக்கை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் மாணவர் தேர்ச்சியை வைத்து மானியம் அளக்கும் முறையும் நடந்தது. பள்ளி தன் தேவையைத் தானே எழுதித் தருவதற்கு அதில் பெரிதாக இடமில்லை.

இடம் கிடைத்தது 1958இல். காமராசர் முதலமைச்சர், சி. சுப்பிரமணியம் கல்வி அமைச்சர், நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநர். புதிய பள்ளிகள் விரைந்து திறக்கப்பட்டன. கட்டடமும் தளவாடமும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. இந்தக் குறையைத் தீர்க்க மதிய உணவுத் திட்டம் முன்மாதிரி ஒன்றைத் தந்திருந்தது. 1956இல் ஊராரின் கொடையாகத் தொடங்கிய அத்திட்டத்தில், பின்னர் அரசும் பங்கேற்றபோது ஒரு சாப்பாட்டுக்கான 10 காசில் அரசு 6 காசும் ஊர் 4 காசும் தந்தன. சோற்றுக்குக் கொடுக்கும் ஊர் பெஞ்சுக்கும் கொடுக்காதா என்ற எண்ணத்தில் பிறந்தவையே பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் 1958 தொடக்கத்தில் முதல் மாநாடு நடந்தது.

மாநாட்டைவிட அதற்கு முந்திய வேலையே வரலாற்றை ஆராய்வோருக்குச் சுவையானது. தலைமையாசிரியர்கள் தேவைப் பட்டியல் தயாரிப்பார்கள். சுவருக்கு வெள்ளையடிப்பு, கரும்பலகை, கடிகாரம், நிலப்படம், பெஞ்சு, நூலகத்துக்குப் புத்தகம், ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை, விளையாட்டுத் திடலுக்கு நிலம் என்று போகும் அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் மதிப்பு போடப்படும். துறை அலுவலர்கள் ஊர்ப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்வார்கள். பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரலாம். முடித்த வேலைகளும் ஏற்றுக்கொண்ட வேலைகளும் ரூபாய் மதிப்போடு மாநாட்டில் அறிவிக்கப்படும். கோயில் குழல்விளக்கில் ‘உபயம்’ எழுதும் ஊருக்கு இந்த முறையை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இயக்கம் மாநிலம் முழுவதும் பரவியது. பிற மாநிலங்களிலும் பேசப்பட்டது.

அதன் குறை அதன் பலத்திலேயே இருந்தது என்பது என் கருத்து. கொடுத்தவர் முன்பாகவே கணக்கு வாசிக்கப்பட்டதால், கொடுக்கவும் காட்டவும் முடிந்தவையே பட்டியலில் ஏறின. கடிகாரத்தை ஊர் வாங்கித் தரலாம். கூடுதல் ஆசிரியரை வாங்கித் தர முடியாது. கூலிக்காரர்கள் மட்டுமே வாழும் குடியிருப்பின் பள்ளிக்கு, மிராசுதார் உள்ள ஊரின் பள்ளிக்குக் கிடைத்தது கிடைத்திருக்க வழியில்லை. கொடையின் அடிப்படையில் நிற்கும் எந்தத் திட்டமும் ஊரின் ஏற்றத்தாழ்வைப் பள்ளிக்குள்ளும் கொண்டுவந்துவிடும்.

1966இல் அறிக்கை தந்த கோத்தாரி கல்விக் குழு, ஒவ்வொரு நிறுவனமும் இருக்கும் வளத்தைக் கொண்டே உயர வேண்டும் என்ற கோணத்தில், நாடு தழுவிய பள்ளி மேம்பாட்டை வலியுறுத்தியது. அதன் உறுப்பினர்-செயலர் ஜே. பி. நாயக் 1969இல் நிறுவனத் திட்டமிடல் பற்றித் தனி நூலே எழுதினார். கட்டடப் பட்டியலைத் தாண்டி, கற்பித்தலையும் பள்ளியே திட்டமிடலாம் என்ற சிந்தனை அதில் இருந்தது. நடைமுறையில் அது வேரூன்றவில்லை.

பிறகு வந்தவை பெரிய நிதித் திட்டங்கள். 1994இல் தருமபுரி, திருவண்ணாமலை உள்ளிட்ட மாவட்டங்களில் தொடங்கிய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டமும், 2000களின் அனைவருக்கும் கல்வி இயக்கமும் கிராமக் கல்விக் குழுக்களை அமைத்தன. குடியிருப்பிலிருந்து திட்டம் மேலேறும் என்பது ஏட்டில் இருந்த விதி. ஆனால் பணம் டெல்லியில் ஒப்புதலாகி, தலைப்பு வாரியாக இறங்கியது: பராமரிப்பு மானியம், பள்ளி மானியம், ஆசிரியர் ஒருவருக்கு 500 ரூபாய். எந்தத் தலைப்பில் பணம் வருமோ அந்தத் தலைப்பிலேயே தேவையும் எழுதப்பட்டது. ஊர்ப்பந்தலில் வாசித்த கணக்கு, செலவினப் பயன்பாட்டுச் சான்றிதழாகிக் கோப்புக்குள் போனது.

கல்வி உரிமைச் சட்டம் கோட்பாட்டளவில் இந்தத் திசையைத் திருப்பியது. பிரிவு 21 நான்கில் மூன்று பங்கு பெற்றோரும் பாதிப்பேர் பெண்களும் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவை அமைத்தது. பிரிவு 22 அக்குழுவைத் திட்டம் எழுதச் சொன்னது. மாதிரி விதிகள் அதை மூன்றாண்டுத் திட்டமாக, ஆண்டுவாரி உட்பிரிவுகளுடன் வகுத்தன. வகுப்புவாரி மாணவர் எண்ணிக்கை மதிப்பீடு, கூடுதல் ஆசிரியர் தேவை, கட்டடமும் கருவிகளும், பணத் தேவை என்பது அதன் உள்ளடக்கம். 1958இன் பட்டியலில் இடம்பெற முடியாத ஆசிரியர், இங்கே உரிமையாக இடம்பெற்றார்.

அந்த உள்ளடக்கத்தின் முதல் வரியான மாணவர் எண்ணிக்கை மதிப்பீடே முடிச்சு. ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை 60 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். 61 ஆனால் மூவர். 64 பிள்ளைகள் என்று மதிப்பிடும் பள்ளி மூன்றாம் ஆசிரியரைச் சட்டப்படி கேட்கலாம். அடுத்த ஜூனில் தனியார் பள்ளி வேன் அந்தத் தெருவுக்குள் வந்து ஐந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டால், அந்தக் கோரிக்கைக்கு ஆதாரமே இல்லை. ஐந்து வகுப்புகளையும் இரண்டே ஆசிரியர்கள் நடத்துகிறார்கள் என்பதால்தான் பெற்றோர் வேனை நாடினார்கள் என்ற காரணத்தை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. 2015இல் தேசியக் கல்வித் திட்டமிடல் நிறுவனம் கொண்டுவந்த ‘சாலா சித்தி’ சுயமதிப்பீடு, 7 களங்களில் 46 தரக்கூறுகளை வைத்துக் கற்பித்தலையும் கேள்விக்குட்படுத்தியது. அதிலும் பள்ளியே தனக்கு மதிப்பெண் போட்டு, மேலிடத்துக்கு அனுப்புவதுதான் முறை.

2022இல் தமிழ்நாட்டில் மேலாண்மைக் குழுக்கள் 20 உறுப்பினர்களோடு மறுகட்டமைக்கப்பட்டன. 2024இல் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து எண்ணிக்கை 24 ஆனது. தீர்மானங்களும் திட்டமும் செயலியில் பதிவேறின. அதே 2022இல் 7,000 கோடி ரூபாய் மதிப்பில் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ தொடங்கி, பள்ளிகளின் தேவையை இணையத்தில் பார்த்து நிறுவனங்களும் முன்னாள் மாணவர்களும் கொடை தரும் வழி பிறந்தது. சீரமைப்பு மாநாட்டின் வாரிசு இது. ஆனால் கொடையாளர் இப்போது ஊரில் இல்லை. கொடுத்த பெஞ்சில் தன் பேரன் உட்காருகிறானா என்று போகிற வழியில் எட்டிப் பார்க்க அவரால் முடியாது.

இந்த வரிசையில் கீழிருந்து மேலே போகும் தாள் பெருகியது. மேலிருந்து கீழே வரும் பதில் பெருகவில்லை. பிரிவு 22இல் உட்பிரிவுகள் இரண்டே. முதலாவது குழுவைத் திட்டம் எழுதச் சொல்கிறது. இரண்டாவது, அரசோ உள்ளாட்சி அமைப்போ வகுக்கும் திட்டங்களுக்கும் மானியங்களுக்கும் அதுவே அடிப்படை என்கிறது. மூன்றாம் ஆசிரியரைக் கேட்ட பள்ளிக்கு எத்தனை நாளுக்குள் பதில் தர வேண்டும், மறுத்தால் யாருக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்பது பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை.