வானூர் பக்கம் 7 கோடி வருஷத்துக்கு முந்தைய கடல்! ரோட்டோர கல்லுலயே சாட்சி இருக்கு

வானூர்:

வானூர் சுற்றுவட்டாரத்தில் கிணறு வெட்டினாலும், ரோடு போட பள்ளம் தோண்டினாலும் கிளிஞ்சல் ஒட்டிய கல் கிடைப்பதுண்டு. "கடல் எங்கயோ இருக்கு, கிளிஞ்சல் எப்படி இங்க வந்துச்சு?" என்று பலரும் கேட்பார்கள். பதில் ரொம்ப சிம்பிள். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்த இடமே கடல்தான்.

ஊர் பேரில் பாறை

மயிலம் பக்கம் இருப்பது பல நூறு கோடி ஆண்டு பழமையான கருங்கல். கிழக்கே புதுச்சேரியை நோக்கி வர வர மணற்கல், களிமண் கல், சுண்ணாம்புக்கல் என்று அடுக்கடுக்காக மாறும். இந்த அடுக்குகளுக்கு வானூர், வழுதாவூர், கரசூர் என நம்ம ஊர் பெயர்களையே விஞ்ஞானிகள் வைத்திருக்கிறார்கள்.

வழுதாவூர் அடுக்கில் நத்தை போல சுருண்ட 'அம்மோனைட்' என்ற கடல் பிராணியின் கல்லாப்போன ஓடுகள் உண்டு. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு டைனோசர்கள் அழிந்த காலத்தில் இதுவும் பூண்டோடு அழிந்தது. அதற்கு மேலே உள்ள கரசூர் சுண்ணாம்புக்கல், அந்த அழிவுக்குப் பின் வந்தது. இரண்டு காலமும் சில கிலோமீட்டர் தூரத்தில் பக்கத்து பக்கத்தில் இருப்பதுதான் விசேஷம்.

1840-களில் கே, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி பகுதியில் சேகரித்த ஓடுகளை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து, 1846-ல் லண்டனில் வெளியிட்டார். அன்றிலிருந்து இப்பகுதி உலகப் பிரசித்தம்.

கல்லான மரம்

கடல் விலகிய பிறகு நடந்த கதையை திருவக்கரையில் பார்க்கலாம். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட மரங்கள் மணலில் புதைந்து கல்லாகிவிட்டன. வேரோ, இலையோ இல்லாததே அதற்கு சாட்சி. வக்கிராசுரனின் எலும்பு என்று ஊரில் சொல்வதுண்டு. 1940-ல் இந்திய புவியியல் ஆய்வுத்துறை 247 ஏக்கரில் கல்மர பூங்கா அமைத்தது.

கண்டுபிடிப்பது எப்படி?

சந்தேகமான கல்லை சுரண்டி, அந்த பொடியில் எலுமிச்சை சாறு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம்.

எடுக்காதீங்க!

பூங்காவில் இருந்து கல்மரத்தை எடுத்துச் செல்ல தடை உள்ளது. வெளியே கிடப்பதையும் வீட்டு அலமாரிக்கு கொண்டு போனால், எந்த அடுக்கில் இருந்தது என்ற தகவல் போய்விடும். அதன்பின் அது வெறும் கல்தான். பள்ளம் தோண்டும்போது கிடைத்தால், அசைக்காமல் போட்டோ எடுத்து, சென்னை கிண்டியில் உள்ள புவியியல் ஆய்வுத்துறை அலுவலகத்துக்கு தகவல் சொல்லலாம். ஜல்லியோடு ஜல்லியாக போய்விட்டால், 7 கோடி வருஷ கணக்கு திரும்ப கிடைக்காது.